மலைமேல் உப்புத் தண்ணீர்

ஜப்பானுக்குப் போய் உப்புத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் மரக்காணத்துப் பக்கம் நானும் என் நாத்தனார் மல்லிகாவும் மட்டும்தான் இருப்போம். எங்கள் வீட்டுக்காரருக்கு உப்பளம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கதவைத் திறந்தால் உப்புப் பாத்தி, ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. அதையெல்லாம் விட்டுவிட்டு விமானம் ஏறி, கடல் தாண்டி, மலைக்கு மேலே போனால், அங்கேயும் ஒரு தொட்டி உப்புத் தண்ணீரைக் காட்டி இறங்கு என்கிறார்கள். அதுவும் ஒட்டுத்துணி இல்லாமல்.

என் மகள் காவ்யாவுக்கு நகோயாவில் வேலை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சித்திரையில் உப்பு விளைச்சல் அதிகம் என்பதால் எங்கள் வீட்டுக்காரர் பாத்தியை விட்டு நகர மாட்டார். என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் நினைத்திருந்தேன். காவ்யா கேட்கவில்லை. "அத்தையத்தான் கூட்டிட்டு வரணும்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அத்தை என்றால் மல்லிகா, எங்கள் வீட்டுக்காரரின் தங்கை. வானூரில் வாழ்க்கைப்பட்டவள். நல்லவள்தான். எதைச் சொன்னாலும் "சரி அண்ணி" என்பாள். அப்படிப்பட்டவளோடு பயணம் போனால் வழியில் வரும் எல்லாச் சண்டையையும் நாமே போட வேண்டியிருக்கும்.

வெந்நீர் ஊற்று விடுதிக்கு மூன்று பேரும் சேர்ந்து போவதாகத்தான் ஏற்பாடு. கிளம்பும் நாள் காலையில் காவ்யாவின் கம்பெனியில் ஏதோ மெஷின் நின்றுவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் நாளைக்கு வந்துடறேன்" என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து ரயிலேற்றிவிட்டாள். ஏற்றும்போது ஒரு பேச்சு பேசினாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

"அம்மா, அத்தை பெட்டியத் தூக்க வேணாம். நீயே பாத்துக்கோ."

"ஏன், அவ கையில இருக்கற வளையல் தேஞ்சிடுமா? அவளவிட நான் ஆறு வயசு பெரியவ."

"சொன்னா கேளும்மா" என்றாள். மல்லிகா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள், அத்தை பக்கம். சரி.

உட்காரவைத்த இடத்திலேயே இருந்திருக்கலாம். என் சீட்டில் வெயில் அடித்தது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயிலில் இரண்டு கோச் தள்ளிப் போய் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். அரை மணி கழித்து டிக்கெட் பார்க்க வந்தவர் எங்கள் டிக்கெட்டைப் பார்த்ததும் பதறிப்போனார். முன்பக்கம் கையைக் காட்டினார், பின்பக்கம் காட்டினார், இரண்டு கையையும் கத்தரிக்கோல் மாதிரி விரித்தார். அடுத்த ஸ்டேஷனில் அந்த ரயிலையே இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஒரு ஊருக்கும் மறு பாதியை இன்னொரு ஊருக்கும் அனுப்புவார்களாம். ஓடும் ரயிலை வெட்டிப் பங்கு போடும் ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பெட்டியை அவர் தூக்கினார், இன்னொன்றை நான் தூக்கினேன், பிளாட்பாரத்தில் ஓடினோம். மல்லிகா தோள்பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோலப் பின்னால் வந்தாள். ஏறினதும் அந்த மனிதர் எங்களைப் பார்த்துக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது. மன்னிப்பு அவருடையது. அதிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. திட்டவாவது விடமாட்டார்களா?

இறங்கிய ஊரில் லிஃப்ட் கிடையாது. ஒரு பெட்டியோடு படியேறி இறங்கி, திரும்ப ஏறி இறங்கி இன்னொன்றையும் கொண்டுவந்தேன். மல்லிகா, "ஒண்ண நான் வலது கையால பிடிக்கறேன் அண்ணி" என்றாள். "வேணாம் தாயே, என் பொண்ணு என்னைக் கொன்னுடுவா" என்றேன்.

விடுதி மரத்தால் கட்டியது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. செருப்பைக் கழற்றி அவர்கள் செருப்பைப் போடவேண்டும். நடையில் அதோடு நடக்கலாம். அறைக்குள் கோரைப்பாய் விரித்த தரை, அதில் அந்தச் செருப்பும் ஆகாது. கக்கூசுக்குப் போனால் அதற்கென்று வேறொரு செருப்பு. நான் மறந்துபோய் அந்தச் செருப்போடு நடைக்கு வந்துவிட்டேன். எதிரில் வந்த விடுதி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து என் காலடியில் முட்டி போட்டு செருப்பை மாற்றினார். வயதில் என்னைவிடப் பெரியவர். என் காலைத் தொடவைத்துவிட்டார்களே என்று வேர்த்துப் போய்விட்டது.

அவர் பெயர் மோரி. மறக்காமல் இருக்க மோர் என்று மனதில் வைத்துக்கொண்டேன். மோரி அம்மாவின் கையில் ஒரு போன். அவர் ஜப்பானிய மொழியில் பேசுவார், அது தமிழில் சொல்லும். அந்தப் போன் பேசிய தமிழை எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் வருகைக்கு நாங்கள் தலை வணங்குகிறோம். இரவு உணவு ஆறு மணிக்குத் தோன்றும்" என்றது.

அறையில் கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது. ஒரு குட்டை மேஜை, நான்கு தலையணை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம், தரையில் உட்கார நம் வீட்டில் இடமில்லையா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது அண்ணி" என்று மல்லிகா காலை நீட்டி உட்கார்ந்து, அவர்கள் வைத்திருந்த இனிப்பைத் தின்றாள். கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி இருந்தது. அதை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

அப்புறம் உடை. பருத்தியில் ஓர் அங்கி, இடுப்பில் பட்டை. நான் நைட்டி மேலேயே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மோரி அம்மா பார்த்துவிட்டு மறுபடி ஓடிவந்து அங்கியைப் பிரித்து, இடப்பக்கம் மேலே வரும்படி மாற்றிக் கட்டினார். போன் விளக்கம் சொன்னது: "வலது பக்கத்தை மேலே அணிவது இறந்தவர்கள் மட்டுமே." மல்லிகா சிரித்துவிட்டாள். வந்த இடத்தில் பிணமாகவும் ஆனேன்.

மோரி அம்மா எங்களைக் கூட்டிப்போய்க் குளிக்கும் இடத்தைக் காட்டினார். அந்த நேரத்தில் யாரும் இல்லை. பாறைகளுக்கு நடுவே பெரிய தொட்டி, ஆவி பறந்தது, ஒரு பக்கம் திறந்த வெளி, எதிரே மலை. ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. லேசான உப்பு இல்லை, பாத்திக்குத் தண்ணீர் விடும் எங்கள் வாய்க்கால் தண்ணீர் மாதிரி.

"மல்லிகா, இங்க பாரு. நம்ம வாய்க்காதான். இதுல உக்காரவா காவ்யா இவ்ளோ செலவு பண்ணா? உங்க அண்ணன்கிட்ட சொன்னா தெனம் ஒரு பாத்தியில உக்காரவைப்பாரு."

எல்லாத் துணியையும் கழற்றிவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பிறகுதான் தொட்டியில் இறங்கவேண்டும் என்று போன் சொன்னது. கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்னத் துண்டு உண்டு. அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாதாம், தலையில் வைத்துக்கொள்ளலாமாம். தலைக்கு எதற்கு மானம்?

"நான் சத்தியமா எறங்க மாட்டேன்" என்றேன். மல்லிகா ஆவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறைக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் மோரி அம்மா கதவருகே முட்டி போட்டு உட்கார்ந்து, மடித்து வைத்த ஒரு துணியை இரண்டு கையாலும் மல்லிகாவிடம் நீட்டினார். நான் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். கழுத்தில் மாட்டி முதுகில் முடிச்சுப் போடுகிற, மார்பை நன்றாக மறைக்கிற உடை. குளிப்பதற்கென்றே தைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு வந்ததே கோபம். அவளுக்கு மட்டும் மறைப்பு, எனக்குத் தலையில் துண்டா? பெட்டி தூக்கினதும் நான், ஓடினதும் நான், செத்ததும் நான்.

"எனக்கு எங்க?" என்றேன். மோரி அம்மா புரியாமல் பார்த்தார். என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்."

"விடுங்க அண்ணி. இத நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள் மல்லிகா.

"நீ சும்மா இரு. எல்லாத்துக்கும் சரி சரின்னு போனா இப்படித்தான். கேட்டாத்தான் குடுப்பாங்க."

அந்தப் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி அதிலேயே சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். மோரி அம்மா கேட்டார். அவர் முகம் மாறிப்போனது. என் எதிரில் நன்றாகத் தலை குனிந்து, மெதுவாக, ரொம்ப மரியாதையாக ஏதோ சொன்னார். போன் சத்தமாகச் சொன்னது:

"இந்த ஆடை மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கானது. தாங்களும் அவ்வாறு செய்துகொண்டவர் என்று அறியாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். உடனே இன்னொன்று கொண்டு வருகிறேன்."

நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் மேஜைமேல் இருந்த டீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோரி அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

(இதை எழுதலாமா என்று மல்லிகாவைக் கேட்டேன். "எழுதுங்க அண்ணி, இனிமே இன்னா இருக்குது. பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.)

"எப்ப?" என்றேன்.

"ரேவதி கல்யாணத்துக்கு முன்னாடி."

ரேவதி அவள் மகள். அந்தச் சமயத்தில் இவள் தலை மொட்டையாக இருந்தது ஞாபகம் வந்தது. மகள் கல்யாணத்துக்குத் திருப்பதியில் வேண்டிக்கொண்டு மொட்டை போட்டதாகச் சொன்னாள். நானும் பிரசாதம் எங்கே என்று கேட்டவள்தான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்டுல அவருக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். காவ்யாவுக்கு அண்ணன்தான் சொன்னாரு. இங்க அவதான் முன்னாடியே சொல்லிவெச்சிருப்பா."

"என் புருஷனுக்குத் தெரியும், என் பொண்ணுக்குத் தெரியும், ஜப்பான்ல இருக்கற மோருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

நான் எழுந்து நடைக்கு வந்துவிட்டேன். அந்த விடுதியிலேயே நாற்காலி என்று ஒன்று இருந்தது நடையின் கோடியில்தான். அதில் உட்கார்ந்து அழுதேன். பாவம் என்று அழுதேனா, ஆத்திரத்தில் அழுதேனா, இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குளித்துவிட்டு வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து நின்றாள். ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த மெஷினில் காசு போட்டு ஒரு பாட்டில் பால் எடுத்து என் கையில் திணித்துவிட்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். பால் ஐஸ் மாதிரி இருந்தது. தரைக்கு அடியிலேயே தண்ணீர் கொதிக்கிற ஊரில், அழுகிற பொம்பளைக்குப் பாலைச் சுட வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் குடித்தேன்.

சாப்பாடு ஆறு மணிக்குத் தோன்றியது. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு வாய். பச்சை மீன் துண்டு ரோஜா இதழ் மாதிரி அடுக்கியிருந்தது. குழம்பில் கொதிக்காத மீனை நான் மீன் என்று சொல்வதில்லை. குச்சியில் குத்திச் சுட்ட ஆற்று மீன் ஒன்று, வாலிலும் துடுப்பிலும் உப்பை அப்பியிருந்தார்கள். இரண்டு பேரும் அதைப் பிய்த்தோம்.

"சொல்லக் கூடாதுன்னு இல்ல அண்ணி" என்று அவளே ஆரம்பித்தாள். "அப்பதான் ரேவதிக்குக் கூனிமேட்டுக்குப் பக்கத்துல மாப்பிள்ளை பேசியிருந்தோம். அம்மாவுக்கு இந்த நோவுன்னா பொண்ணுக்கும் வரும்னு சொல்லி எழுந்து போயிடுவாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்க. அழுதுகிட்டே நாலு பேருகிட்ட சொல்லிடுவீங்க. மரக்காணத்துல சொன்னது கூனிமேட்டுக்குப் போவ எவ்ளோ நேரம் ஆவும்?"

"நான் யாருகிட்ட எதச் சொல்லிட்டேன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரியில யாரு பாத்துக்கிட்டா?"

"பாண்டிச்சேரியிலதான் பண்ணாங்க. அவரு இருந்தாரு. அண்ணன் தெனம் வருவாரு."

"சாப்பாடு? உங்க வீட்டுக்காரருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே."

மல்லிகா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். "நீங்க செஞ்சதுதான் அண்ணி. அண்ணன் டிபன் கேரியர்ல எடுத்தாந்து குடுப்பாரு. காரமில்லாம, எண்ணெயில்லாம. ரசம் சாதம், இட்லி, சுரக்கா கூட்டு. ஊசி போட்ட பிறகு வாயில எதுவும் எறங்காது. அது ஒண்ணுதான் எறங்கும்."

எங்கள் வீட்டுக்காரர் அந்த வருஷம் தனக்கு அல்சர் என்றார். காரம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். பாத்தியிலேயே இரண்டு வேளை சாப்பிட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே வை என்றார். மாதக்கணக்கில் நான் விடியற்காலையில் எழுந்து தனிச் சமையல் செய்தேன். செய்த நாளெல்லாம் திட்டிக்கொண்டே செய்தேன். அல்சர் வந்த மனுஷன் இவ்வளவு தின்பானா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவர் கேரியரை மூடிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார்.

"சுரக்கா கூட்டுல ஒரு நாள் உப்பே இல்ல" என்றாள் மல்லிகா.

"கோவத்துல மறந்திருப்பேன்."

"அண்ணன் கெளம்பும்போதே ருசி பாத்துட்டு, உங்ககிட்ட கேக்கப் பயந்துட்டாரு. பாத்தியிலேர்ந்து ஒரு கல்லு உப்பு எடுத்தாந்து பொடி பண்ணிப் போட்டாரு."

அவள் சிரித்தாள். நான் அழுதேன். எல்லாமே தலைகீழான சாப்பாடு. அடுத்த கிண்ணத்தோடு வந்த மோரி அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பச்சை மீனை அப்படியே வைத்திருந்த என் தட்டையும் பார்த்துவிட்டு, போனை எடுத்தார். "மீன் தங்களைத் துன்புறுத்தியதா?" என்று அது கேட்டது. ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். பாவம், அதைக் கொண்டுபோய் வறுத்துக் கொண்டுவந்து தந்தார். அப்போதுதான் அது மீனாயிற்று.

படுக்கையைத் தரையில் அவர்களே விரித்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். நான் திட்டிக்கொண்டே இருந்தேன். அவளை, அவள் புருஷனை, என் புருஷனை, அந்தச் சம்பந்தி வீட்டை. அவள் எப்போது தூங்கிப்போனாள் என்று தெரியவில்லை.

காலையில் நான்தான் எழுப்பினேன். "வா, குளிக்கலாம்."

"நீங்க எறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே."

"பண்ணா என்ன? எழுந்திரு."

துணி மாற்றும் இடத்தில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அங்கியைக் கழற்றினாள். அந்த உடையைக் கழுத்தில் மாட்டினாள். முதுகு முடிச்சுக்கு, பெட்டி தூக்கக் கூடாத அந்த இடது கை எட்டவில்லை. இரண்டு முறை முயன்றாள். நான் போய்ப் போட்டேன்.

"பாக்கணும்னா பாருங்க அண்ணி" என்றாள், திரும்பாமலே. "அவரே இன்னும் சரியா பாத்ததில்ல."

"காட்டு" என்றேன். திரும்பி, அந்தத் துணியை ஒதுக்கிக் காட்டினாள். பார்த்தேன். இடது பக்கம் மட்டமாக இருந்தது, அக்குள் வரை ஒரு நீளத் தையல், ஆறி வெளுத்திருந்தது. வாயில் எது வந்தாலும் தப்பாகத்தான் வரும் என்று எனக்கே தெரிந்தது. "தையல் நேரா போட்டிருக்கான்" என்றேன். அதற்கு அவள் அப்படிச் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முடிச்சு அவிழ்ந்து மறுபடியும் கட்டவேண்டியதாயிற்று.

நானும் கழற்றினேன். ஐம்பத்தெட்டு வயதில், பெற்ற மகளுக்குக்கூடக் காட்டாத உடம்பு. உள்ளே மூன்று ஜப்பான் பாட்டிகள் கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருந்தார்கள். நேற்று பால் வாங்கிக் கொடுத்தவளும் இருந்தாள். யாரும் எங்களை உற்றுப் பார்க்கவில்லை. அவள் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். என்னவோ சொன்னாள். போன் உள்ளே வரக் கூடாது என்பதால் அது என்னவென்று தெரியாமலே போயிற்று.

தண்ணீர் சுட்டது. நன்றாகவே சுட்டது. தோல் உரிந்துவிடும், இப்படியா மனுஷரை வேகவைப்பார்கள், சூட்டில் கை வீங்கும், கொஞ்ச நேரம்தான் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ராத்திரி நீயே சொன்னாய் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். மல்லிகா தோள்வரை இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையைத் தண்ணீருக்கு மேலே மிதக்க விட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் வாயும் தானாக ஓய்ந்தது. எதிர் மலையில் காலை வெயில் உச்சியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சுகமாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். நாற்காலி இருந்திருந்தால் இன்னும் சுகம்.

அறைக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. நம் ஊரில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். பின்னால் ஆட்கள் பலகையால் உப்பு வாரும் சத்தம் கேட்டது.

"இன்னா விஜயா, ரூம்பு எப்படி இருக்குது?"

"கட்டில் இல்ல. நாற்காலி இல்ல. மீன வேகவைக்க மாட்டேங்கறாங்க. தண்ணி உங்க வாய்க்கா தண்ணி."

"மல்லிகா குளிச்சாளா?" சாதாரணமாகக் கேட்பதுபோல்தான் கேட்டார்.

"உங்க அல்சர் எப்படி இருக்குது?" என்றேன்.

உப்பு வாரும் சத்தம் மட்டும் வந்தது. போனை எடுத்துக்கொண்டு வரப்பு ஓரமாக நகர்ந்திருப்பார் போல, அதுவும் குறைந்தது.

"சொல்லிட்டாளா?"

"நான் ஊருக்கு வந்து பேசிக்கறேன்."

"திட்டு. வந்து நல்லா திட்டு" என்றார். "அவ எப்படி இருக்கா இப்ப?"

திரும்பிப் பார்த்தேன். கழுத்தளவு முடியை விரித்துப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கென்று வைத்த இனிப்பையும் அவளே தின்றுகொண்டிருந்தாள். காவ்யா வர மத்தியானம் ஆகும். அதற்குள் இன்னொரு தடவை இறங்கலாமா அண்ணி என்று கேட்டுவைத்திருந்தாள்.

"போனை வைங்க. நாங்க குளிக்கப் போறோம்" என்றேன்.